சில்லுமூக்கு உடைந்தால் சூடு என்று விட்டுவிடாதீர்கள்

(நமது கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், குழு ஊக்குநரும் மகளிர் சுகாதாரத் தன்னார்வலருமான நம் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



எனக்கு மேடையில் பேசிப் பழக்கமில்லை. குழுக் கூட்டத்தில் தீர்மானம் வாசிப்பேன். சேமிப்பு எவ்வளவு, உள்கடன் பாக்கி எவ்வளவு என்று கணக்குச் சொல்வேன். அவ்வளவுதான். தலைவி அக்கா, "இந்த வருசம் உடம்பு சம்பந்தமா நீ பேசு" என்று சொன்னதும், சர்க்கரையைப் பற்றிப் பேசவா, பிரஷரைப் பற்றிப் பேசவா என்று யோசித்தேன். அதெல்லாம் உங்கள் வீட்டு வாசலுக்கே வந்து சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். அதனால் இன்றைக்கு யாரும் மேடை போட்டுப் பேசாத ஒன்றைப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். மூக்கில் ரத்தம் வருவது. நம்ம ஊர்ப் பேச்சில் சில்லுமூக்கு உடைவது.

இதென்ன பெரிய நோயா என்று பின்வரிசையில் சிலர் சிரிக்கிறது தெரியுது. சரி, ஒரு கேள்வி கேட்கிறேன். உங்கள் வீட்டில் யாருக்காவது ஒரு தடவையாவது சில்லுமூக்கு உடைந்திருக்கிறதா? கையைத் தூக்குங்க. பாருங்க, பாதிக்கு மேல் கை தூக்கியாச்சு. அப்போது என்ன செய்தீர்கள்? "தலையை அண்ணாந்து பிடிக்கச் சொன்னோம்", "தலையில தண்ணி ஊத்துனோம்", "வெங்காயத்தை நசுக்கி மோந்து பாக்கச் சொன்னோம்", "அருகம்புல் சாறு விட்டோம்". கேட்டீர்களா? எல்லாமே நம்ம கைவைத்தியம். நானும் இதையெல்லாம் செய்தவள்தான். அதனால்தான் பேச வந்தேன்.

முதலில் மூக்கில் ஏன் ரத்தம் வருகிறது என்று பார்ப்போம். நாம் இழுக்கிற காற்றைச் சூடாக்கி, ஈரமாக்கி, தூசியை வடிகட்டி உள்ளே அனுப்புவது மூக்கின் வேலை. அதற்காக மூக்கின் உள்சுவரில் மெல்லிய ரத்தக்குழாய்கள் நிறைய ஓடுகின்றன. இரண்டு துவாரத்துக்கும் நடுவில் இருக்கும் தடுப்பில், விரல் நுனி எட்டுகிற இடத்தில், பல குழாய்கள் ஒன்றாகக் கூடுகின்றன. அந்த இடத்தில் தோல் வெங்காயச் சருகு மாதிரி மெல்லியது. பெரும்பாலும் ரத்தம் வருவது அங்கிருந்துதான். மூளையில் இருந்து வருகிறது என்று பயப்பட வேண்டாம்.

அந்தத் தோல் காய்ந்தால் வெடிக்கும். நம்ம ராமநாதபுரம் சீமையில் வெயிலைப் பற்றி நான் சொல்லவா வேண்டும்? பங்குனி, சித்திரையில் உதடு வெடிக்கிற மாதிரிதான் மூக்கின் உள்ளேயும் வெடிக்கிறது. "சூடு" என்று நம் பெரியவர்கள் சொன்னதில் அந்த அளவுக்கு உண்மை உண்டு. அது மட்டுமில்லை. குண்டு மிளகாய் அறுவடை வந்தால் நாம் எல்லாரும் களத்தில்தான் கிடக்கிறோம். வத்தலைக் கிளறுகிறோம், காம்பு கிள்ளுகிறோம், மூடை பிடிக்கிறோம். அந்த நெடியில் தும்மித் தும்மி மூக்கு புண்ணாகிவிடுகிறது. கரிமூட்டத்தில் வேலை பார்க்கிற அக்காமார்களுக்குப் புகையும் கரித்தூசியும் வேறு. வீட்டில் விறகடுப்புப் புகை. வயசான ஆத்தாக்களுக்கு மூக்குப்பொடி.

பிள்ளைகளுக்கு என்றால் விரலை விட்டு நோண்டுவதுதான் முதல் காரணம். அடிக்காதீர்கள். சளி காய்ந்து அரிக்கிறது, அதனால் நோண்டுகிறது. நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். அடிக்கடி சளி பிடிப்பது, தூசி ஒத்துக்கொள்ளாமை, நடுத்தடுப்பு வளைந்திருப்பது, இவற்றாலும் வரும். சின்னப் பிள்ளைக்கு ஒரு பக்கம் மட்டும் நாற்றத்தோடு சளியும் ரத்தமும் வந்தால், உள்ளே புளியங்கொட்டையோ பாசிமணியோ போட்டிருக்கும். நீங்கள் ஊக்கை வைத்து எடுக்கப் போகாதீர்கள், இன்னும் உள்ளே போய்விடும். மாசமாக இருக்கும் பெண்களுக்கு உடம்பில் ரத்த ஓட்டம் கூடுவதால் மூக்கில் ரத்தம் கசிவது உண்டு. பயப்பட வேண்டாம், ஆனால் அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது சிஸ்டரிடம் சொல்லிவிடுங்கள்.

இனி, ரத்தம் வந்தால் என்ன செய்வது? இதை மட்டுமாவது இன்றைக்கு வீட்டுக்குக் கொண்டுபோங்கள்.

தலையை அண்ணாந்து பிடிக்கவே கூடாது. படுக்க வைக்கவும் கூடாது. அண்ணாந்தால் ரத்தம் நிற்பதில்லை, தொண்டை வழியாக வயிற்றுக்குள் போகிறது. கொஞ்ச நேரத்தில் பிள்ளை ரத்தமாக வாந்தி எடுக்கும், நாம் அலறுவோம். உட்கார வைத்து, தலையை லேசாக முன்பக்கம் சாயுங்கள். நாம் மூக்குத்தி போடுகிற இடம் இருக்கிறதே, எலும்புக்குக் கீழே மெத்தென்று, அந்த இடத்தை இரண்டு பக்கமும் சேர்த்துப் பெருவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் அழுத்திப் பிடியுங்கள். மூச்சை வாயால் விடச் சொல்லுங்கள். வாய்க்குள் வருகிற ரத்தத்தைத் துப்பச் சொல்லுங்கள். பத்து நிமிசம். போனில் மணி பார்த்துப் பத்து நிமிசம். இரண்டு சினிமாப் பாட்டு முழுசாக ஓடுகிற நேரம். நடுவில் "நின்னுருச்சா பாப்போம்" என்று கையை எடுத்துப் பார்க்கக் கூடாது. எடுத்தால் உறைந்தது கலைந்துவிடும், மறுபடி முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டும். பத்து நிமிசத்தில் நிற்காவிட்டால் இன்னொரு பத்து நிமிசம் பிடியுங்கள். நின்ற பிறகு ஒரு நாள் முழுக்க மூக்கைச் சிந்தக் கூடாது, நோண்டக் கூடாது, கனமான குடம் தூக்கக் கூடாது, கொதிக்கக் கொதிக்கக் காபி குடிக்கக் கூடாது. எதையும் உள்ளே பிழிந்து விடாதீர்கள், பஞ்சைத் திணிக்காதீர்கள்.

திரும்பத் திரும்ப வராமல் இருக்க, தினமும் ராத்திரி மூக்கின் வாசலில் உள்பக்கமாகக் கொஞ்சூண்டு வாசலின் தடவலாம். மருந்துக் கடையில் மூக்குக்கான உப்புத்தண்ணீர்ச் சொட்டு மருந்து கிடைக்கிறது, டாக்டரிடம் கேட்டு விடலாம். களத்துக்குப் போகும்போது ஈரத்துணியை மூக்கோடு சேர்த்துக் கட்டுங்கள்.

எங்கள் குழுவில் ஒரு மதினிக்கு மாசம் இரண்டு மூன்று தடவை ரத்தம் வந்தது. தலைக்குள் கட்டி இருக்கும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். ராத்திரித் தூக்கம் போச்சு. குழுவில் 8,000 ரூபாய் உள்கடன் வாங்கித் தலைக்கு ஸ்கேன் எடுத்தார். ஸ்கேனில் ஒன்றுமில்லை. ரத்தமும் நிற்கவில்லை. பிறகு அரசு மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் லைட் அடித்துப் பார்த்து, "முன்னாடியே ஒரு குழாய் துருத்திக்கிட்டு இருக்கு" என்று மருந்துக் குச்சியால் தொட்டுச் சுட்டுவிட்டார். அரை மணி நேர வேலை. செலவு பஸ் காசுதான். அந்தக் கடனை மதினி பத்து மாசம் கட்டினார். முதலில் எங்கே போக வேண்டும் என்று தெரியாததற்கு நாம் கட்டுகிற வட்டி இது.

இன்னொரு வீட்டில் நடந்தது. வயசான ஆத்தாவுக்கு ராத்திரி 2 மணிக்கு மூக்கிலும் வாயிலும் ரத்தம். 108-ஐக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிரஷர் 190-க்கு 110. மூன்று மாசமாக மாத்திரை போடவில்லையாம். "மாத்திரை சூடு, அதான் நிப்பாட்டிட்டேன்" என்றது ஆத்தா. நான் வாசலுக்குக் கொண்டுவந்து கொடுத்த மாத்திரைதான், அட்டை அட்டையாகப் பானைக்குள் கிடந்தது. பிரஷரால்தான் மூக்கு உடைகிறது என்று அடித்துச் சொல்ல முடியாதாம். ஆனால் பிரஷர் கூடுதலாக இருந்தால் வந்த ரத்தம் லேசில் நிற்காது. வயசானவர்களுக்கு மூக்கின் பின்பக்கமிருந்து வருவதும் உண்டு, அது அழுத்திப் பிடித்தாலும் அடங்காது. இருதயத்துக்காக ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் கவனமாக இருக்க வேண்டும். ரத்தம் வந்தால் உடனே டாக்டரைப் பாருங்கள், நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். அது வேறு ஆபத்து.

எப்போது தாமதிக்கவே கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இருபது நிமிசம் அழுத்தியும் நிற்காவிட்டால், தலையில் அடிபட்ட பிறகு வந்தால், மயக்கமோ மூச்சுத்திணறலோ இருந்தால், கைக்குழந்தைக்கு வந்தால், உடனே ஆஸ்பத்திரி. காய்ச்சலோடு மூக்கிலோ பல் ஈறிலோ ரத்தம் வந்தால் டெங்குவாக இருக்கலாம். கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வீட்டில் இருக்கக் கூடாது. பத்துப் பதினைந்து வயசுப் பையனுக்கு ஒரே பக்கம் மூக்கடைப்பும் அடிக்கடி ரத்தமும் இருந்தால் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும். குடிக்கிற ஆம்பளைகளுக்கு அடிக்கடி ரத்தம் வந்தால் ஈரலைப் பரிசோதிக்க வேண்டும். ரத்தம் உறைவதற்கு வேண்டிய சரக்கை ஈரல்தான் தயார் செய்கிறது.

இதுவரை சொன்னதெல்லாம் ஊர்க்கதை. இனி என் வீட்டுக் கதை.

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. வீட்டுக்கே போய்ப் பிரஷர் பார்க்க, சர்க்கரை பார்க்க, சுய உதவிக் குழுப் பெண்களையே எடுத்தார்கள். நம்ம பகுதிக்கு என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போனேன். யாருக்கு என்ன அளவு, யாருக்கு எப்போது மாத்திரை தீரும் என்று எல்லாம் மனப்பாடம். பெருமையாகத்தான் இருந்தது.

என் பெரிய மகளுக்கு ஏழெட்டு வயசிலிருந்தே சில்லுமூக்கு உடையும். ராத்திரி தூங்கும்போது வரும், காலையில் தலகாணி உறையில் கறை இருக்கும். என் அம்மா, அதாவது பிள்ளைக்கு அம்மாச்சி, "நம்ம வீட்டுப் பொம்பளைகளுக்கே சூட்டு உடம்புடி. எனக்கும் அப்படித்தான், உனக்கும் அப்படித்தான். வெளக்கெண்ணெய் வையி" என்று சொல்லும். வைத்தேன். வயசுக்கு வந்த பிறகு அவளுக்கு மாதவிலக்கு எட்டு நாள், பத்து நாள் போகும். அதுவும் சூடு என்றேன். கையில் காலில் தொட்டாலே நீலம் பாரிக்கும். "எங்க போயி இடிச்சிக்கிட்ட?" என்று திட்டினேன். இதில் நான் செய்த பெரிய தப்பு வேறு. "வெளியில யாருக்கிட்டயும் சொல்லாத. நாளைக்கு உன்னைக் கட்டிக் கொடுக்கணும்ல" என்று சொன்னேன். பதிமூணு வயசுப் பிள்ளையிடம் சொன்னேன்.

அவள் சொல்லவில்லை. பள்ளிக்கூடப் பையில் பழைய துணி ஒன்றை மடித்து வைத்துக்கொண்டு போயிருக்கிறாள். டீச்சர் கவனிக்கக் கூடாது என்று கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். பள்ளிச் சுற்றுலாவுக்குப் பணம் கட்டுகிறேன் என்றபோது வேண்டாம் என்றாள். காசு மிச்சம் என்று நான் சந்தோசப்பட்டேன். கோ-கோ நன்றாக விளையாடுவாள், அதையும் விட்டுவிட்டாள். மூச்சு வாங்குகிறது என்று சொன்னதை, படிப்பில் இருந்து தப்பிக்கச் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

2023-இல், ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது, காலையில் பிரேயரில் மயங்கி விழுந்துவிட்டாள். நான் அப்போது நாலு தெரு தள்ளி ஒருவருக்குப் பிரஷர் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தால் ஹீமோகுளோபின் 6.4. பெண்ணுக்கு 12-ஆவது இருக்க வேண்டும். பாதிதான் இருந்தது. உடனே ரத்தம் ஏற்றினார்கள்.

அந்த டாக்டரம்மா என்னிடம் கேட்டார். "மாசத்துல எத்தனை தடவை மூக்குல ரத்தம் வருதும்மா? ஒவ்வொரு தடவையும் எத்தனை நிமிசம்?" எனக்குப் பதில் தெரியவில்லை. குழுவில் பன்னிரண்டு பேருடைய கடன் பாக்கியும் எனக்குத் தெரியும். என் பிள்ளைக்கு எத்தனை தடவை ரத்தம் வந்தது என்று தெரியவில்லை. பேசாமல் நின்றேன். அப்போது அவள் பையில் இருந்து ரஃப் நோட்டை எடுத்துக் கடைசிப் பக்கத்தைக் காட்டினாள். தேதி போட்டு, பக்கத்தில் நிமிசம் போட்டு எழுதியிருக்கிறாள். மூன்று மாசத்தில் பதினோரு தடவை. ஒரு தடவை நாற்பது நிமிசம். "எங்கம்மா குழு நோட்டுல எழுதுற மாதிரி எழுதிப் பாத்தேன் டாக்டர்" என்றாள். என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை சகோதரிகளே.

அந்த ஒரு பக்கத்தைப் பார்த்துத்தான் டாக்டரம்மா, இது சாதாரண சில்லுமூக்கு இல்லை என்று மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே பரிசோதித்து, வான் வில்லிபிராண்ட் குறைபாடு என்றார்கள். வாயில் நுழையாத பெயர். விசயம் இதுதான்: ரத்தக்குழாய் கிழிந்தால் ரத்தத்தில் இருக்கும் தட்டணுக்கள் அங்கே போய் ஒட்டி அடைக்க வேண்டும். ஒட்ட வைக்கிற பசை மாதிரி ஒரு புரதம் இருக்கிறது. அது பிறவியிலேயே குறைவு. அதனால் ரத்தம் சீக்கிரம் நிற்காது. ஆணுக்கும் வரும், பெண்ணுக்கும் வரும். பெற்றவர்களிடமிருந்து பிள்ளைக்கு வரும். எனக்கும் பரிசோதித்தார்கள். எனக்கும் அதே குறை. இரண்டாவது பிரசவத்தில் எனக்கு ரத்தம் நிற்காமல் இரண்டு பாட்டில் ஏற்றினார்களே, அதற்கும் காரணம் இதுவாக இருக்கலாம் என்றார்கள். அம்மாச்சி, நான், என் மகள், மூன்று தலைமுறையாகச் சூடு என்ற ஒரே சொல்லைச் சொல்லி மூடி வைத்திருந்தோம்.

இப்போது அவள் நன்றாக இருக்கிறாள். இரும்புச்சத்து மாத்திரை மாதக்கணக்கில் சாப்பிட்டு ரத்தம் ஏறிவிட்டது. மாதவிலக்கு நாட்களுக்கென்று டாக்டர் தனியாக மாத்திரை கொடுத்திருக்கிறார். தலைவலி, காய்ச்சல் என்றால் ஆஸ்பிரின், புரூஃபன் போடக் கூடாது. பல் பிடுங்கும் முன்னாலும் ஆபரேசன் என்றாலும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அதற்காக ஒரு சீட்டு எழுதிப் பையில் வைத்திருக்கிறாள். பழைய துணி இருந்த இடத்தில் இப்போது அந்தச் சீட்டு இருக்கிறது. மறுபடி கோ-கோவுக்கும் போகிறாள்.

இதைக் கேட்டுவிட்டு, சில்லுமூக்கு உடைகிற எல்லாருக்கும் இந்தக் குறை என்று நினைத்துவிடாதீர்கள். ரொம்பப் பேருக்குச் சளியும் வெயிலும் நோண்டுவதும்தான் காரணம், வாசலின் தடவினாலே சரியாகிவிடும். ஆனால் மூக்கு ரத்தத்தோடு மாதவிலக்கும் அதிகம், தொட்டால் நீலம் பாரிக்கிறது, ஈறில் ரத்தம், வீட்டில் வேறு யாருக்கும் இப்படி உண்டு என்று இவற்றில் ஒன்றிரண்டு சேர்ந்தால், சூடு என்று விட்டுவிடாதீர்கள். ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள்.

நான் கேட்டுக்கொள்வது இரண்டுதான். ஒன்று, நமக்குக் கணக்கு எழுதத் தெரியும். சந்தா ஒரு ரூபாய் குறைந்தாலும் கண்டுபிடிக்கிறோம். அதே மாதிரி வீட்டில் ஒருவருக்கு மூக்கில் ரத்தம் வந்தால் நோட்டில் தேதி, எந்தப் பக்கம், எத்தனை நிமிசம், அப்போது காய்ச்சலா, மாதவிலக்கா, என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று எழுதுங்கள். டாக்டருக்கு அந்த ஒரு பக்கம் போதும். மாசக் கூட்டத்தில் கணக்கு முடிந்த பிறகு ஐந்து நிமிசம் ஒதுக்கி, யார் வீட்டில் என்ன என்று கேளுங்கள்.

இரண்டாவது, பிள்ளைகளிடம் "வெளியில சொல்லாத" என்று சொல்லாதீர்கள். இந்தக் கதையைச் சொல்லலாமா என்று என் மகளிடம் கேட்டுவிட்டுத்தான் வந்தேன். பெயர் வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். அவள், "பேரைச் சொன்னாலும் பரவாயில்லம்மா, வேற பிள்ள யாராவது கடைசி பெஞ்சில உக்காந்திருக்கும்ல" என்றாள்.

அவளுக்காகத்தான் இந்த மேடையில் ஏறினேன்.